நாப்பத்தோராம் பக்கத்துச் சிவப்பு அம்பு

என் பேரு திருநாவுக்கரசு. சிரிக்கிறவங்க சிரிச்சிக்கலாம். பேரு சுத்த சைவம், ஞாயித்துக்கிழமையானா கையில வேதம். பினாங் தீவுல ஜெலுத்தோங் பக்கம் கடைவீட்டு மாடியில இருக்கிற நங்கூரம் ஜெபவீட்டுக்கு முப்பது வருசமா நான்தான் செயலாளர். பேரை மாத்திக்கச் சொல்லி நாலு பேரு கேட்டாங்க. போங்கய்யா, அப்பன் வச்ச பேருன்னுட்டேன். சபையில எல்லாருக்கும் நான் அரசு. கோவக்காரன்னு பேரு எடுத்தவன். பிரமிளா செத்து மூணு மாசம் ஆவுது, அதைப் பத்திச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன்.

பிரமிளா சுங்கை பினாங் ஃபிளாட்டுல பதினோராவது மாடி. புருசன் லாரி ஓட்டினவன், செத்துப் பல வருசம் ஆச்சு. ஒரே மக ரூபினி. பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில இருபத்தாறு வருசம் ஒரே வேலை. மைக்ரோஸ்கோப்புல கண்ணை வச்சுக்கிட்டு, நகத்தளவு பலகையில ஈயம் சரியா ஒட்டியிருக்கான்னு பாக்கணும். தப்பு இருந்தா அந்த இடத்துல சின்னதா சிவப்பு அம்பு ஒட்டணும். சரியா இருந்தா பச்சைப் பொட்டு. ஒரு நாளைக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் பலகை.

அந்த வேலை அவ புத்தியிலயும் ஏறிப்போச்சு. சபையில சாப்பாடு போட்டா, பாஸ்டரம்மா வச்ச சாம்பாரை எல்லாரும் ஆகா ஓகோம்பாங்க, இவ மட்டும், "உப்பு போடலியேக்கா"ம்பா. அறிவிப்புப் பலகையில நான் வசன எண்ணைத் தப்பா எழுதியிருந்தா, பேசவே மாட்டா, அந்த இடத்துல விரல் நகத்தை வச்சுக்கிட்டு நிப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா அவ காட்டின இடத்துல தப்பு இல்லாம இருந்ததில்ல. அதுதான் இன்னும் எரிச்சல்.

இவ்வளவு சாதாரணப் பொம்பளைதான் எங்க சபைக்கு அஸ்திவாரம்னா நம்புவீங்களா. அதுக்கு அப்புத்துரை ஊழியர் கதையைச் சொல்லணும்.

அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் வந்தான், பள்ளிக்கூடம் கட்டினான், கோயில் கட்டினான். உள்ள மின்விசிறிக்குக் கீழ சிலோன்காரங்க உக்காந்து இங்கிலீஷ்ல பாடினாங்க. அவங்க கிளார்க்கு, ஸ்டேஷன் மாஸ்டரு, வாத்தியாரு. தோட்டத்துலேருந்து டவுனுக்கு வந்த நம்ம சனத்துக்கு அந்த வாசப்படி கொஞ்சம் உயரம். எழுபது, எண்பதுகள்ல எழுப்புதல்னு ஒரு காத்து அடிச்சுது. கைதட்டு, அந்நியபாஷை, கூடாரக் கூட்டம், நோய் தீர்க்கிற ஜெபம். அந்தக் காத்துல புறப்பட்டவருதான் அப்புத்துரை. யாழ்ப்பாணத்து வம்சம், புக்கிட் மெர்தாஜாம்ல ரயில்வே கிளார்க்கு. வேலையை எழுதிக் குடுத்துட்டு, ஒரு ஒலிபெருக்கியைத் தோள்ல மாட்டிக்கிட்டு நம்ம ஃபிளாட்டு படியெல்லாம் ஏறி இறங்கினாரு. சொந்தக்காரங்க அவரை வீட்டுக்குள்ள சேக்கல. நம்ம வீட்டுல வந்து தரையில உக்காந்து தோசை தின்னாரு. அதுக்கே பாதி சனம் மனசு மாறிச்சு.

எண்பத்து நாலுல ஒரு திடல்ல கூடாரம் போட்டாரு. மூணாம் நாளு ஒரு அம்மா பதினாலு வயசு பொண்ணை இழுத்துக்கிட்டு வந்தா. பொண்ணுக்குக் காக்கா வலிப்பு, வாரத்துக்கு ரெண்டு தடவை விழும். கோயிலு, மந்திரிச்ச கயிறு, மலாய்க்கார மந்திரவாதி போமோ எல்லாம் பாத்தாச்சு. கூடாரத்துக்குள்ளயே விழுந்துச்சு. அப்புத்துரை அது தலையைத் தன் மடியில வச்சுக்கிட்டு ஜெபம் பண்ணாரு. எழுந்து உக்காந்த பொண்ணு, "பசிக்குது"ன்னுச்சு. அன்னைக்கு முன்னூறு பேரு கையைத் தூக்கினாங்க. அந்த முன்னூறுதான் நங்கூரம் ஜெபவீடு. அந்தப் பொண்ணுதான் பிரமிளா.

அதுக்கப்புறம் வருசா வருசம் சபை ஆண்டுவிழாவுல அவ மேடை ஏறி சாட்சி சொல்லணும். அது எங்க வழக்கம். மத்தவங்க சாட்சி வருசத்துக்கு வருசம் வளரும், குடிச்ச பீரு பிராந்தியாகும், ஒரு பேயி ஏழாகும். இவ சாட்சி மட்டும் முப்பத்தொன்பது வருசமா ரெண்டே வரி. "அன்னைக்கு ஆண்டவர் என்னைத் தொட்டார். இன்னைக்கு வரைக்கும் நான் விழாம இருக்கேன்." இறங்கிடுவா. அப்புத்துரை போய்ச் சேர்ந்த பிறகு, அவருக்கு வண்டி ஓட்டின தங்கராஜு பாஸ்டரானாரு. அவரு பின்னாலேருந்து, "இன்னும் கொஞ்சம் விரிவாச் சொல்லும்மா"ம்பாரு. அவ கேக்காத மாதிரி போயிடுவா.

போன வருசம் நாப்பதாம் ஆண்டு. நினைவு மலர் போடணும், சபை வரலாறு எழுதணும், யாரு எழுதுறது? அரசுதான் லா. ஆபீஸ்ல முப்பத்தொரு வருசம் மலாய்ல கடுதாசி எழுதியே கை தேஞ்சவன் நான். என் தமிழை ஒரு நாயும் படிச்சதில்ல. நாலு மாசம் உக்காந்து எழுதினேன். வெள்ளைக்காரன் கப்பல்லேருந்து அப்புத்துரை ஒலிபெருக்கி வரைக்கும் நாப்பது பக்கம் ஆச்சு. நாப்பத்தோராம் பக்கம் பிரமிளா. ரெண்டு வரிச் சாட்சியை வச்சு நான் என்ன பண்றது? முடிவுல இப்படி எழுதினேன்: "இன்று அந்தச் சகோதரி ஒரு மாத்திரையும் தொடுவதில்லை, அவளுடைய மருத்துவர் கர்த்தர் ஒருவரே."

அவளைக் கேட்டேனா? இல்ல. வரி தானா வந்து விழுந்துச்சு, விட்டுட்டேன். மலர்க்குழுக் கூட்டத்துல பாஸ்டர் அதை ரெண்டு தரம் சத்தமாப் படிச்சாரு. பெரியவங்க கண்ணைத் தொடைச்சாங்க. ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இது உம்ம எழுத்து இல்லய்யா, ஆவியானவர் எழுத்து"ன்னாரு. நான் பணிவா தலையைக் குனிஞ்சேன், உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

விழாவுக்கு முன்னால படிச்சுப் பழகட்டும்னு பாஸ்டர் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து அவகிட்ட குடுத்தாரு. மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் அவ என் வீட்டு வாசல்ல நின்னா. ஃபேக்டரி சட்டையைக்கூட மாத்தல.

"அரசு அண்ணே, ஒரு சின்ன விசயம்."

காகிதத்தை நீட்டினா. என் வரி மேல சிவப்பு அம்பு. நகத்தளவுதான், ஆனா சரியா "மாத்திரை"ங்கிற சொல்லுக்கு நேரா ஒட்டியிருந்துச்சு.

"என்ன இது?"

"இது தப்புண்ணே. நான் மாத்திரை சாப்பிடுறேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

உக்காரச் சொன்னேன். உக்காந்து எல்லாத்தையும் சொன்னா. கூடாரத்துல எழுந்த பொண்ணு ஏழு மாசம் விழல. எட்டாவது மாசம் பள்ளிக்கூடத்துல விழுந்துட்டா. அவ அம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டர் குடுத்த மாத்திரையை ஆரம்பிச்சாங்க. அதுலேருந்து ஒரு தடவைகூட விழல. ஃபேக்டரி நர்ஸுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டிக்குத் தெரியும், சபைக்குத்தான் தெரியாது.

"அப்புத்துரை ஊழியருக்கு?"

"அம்மா அன்னைக்கே போய்ச் சொன்னாங்க. அவரு அழுதாராம். மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீங்க, ஆனா கூட்டத்துல சொல்ல வேணாம், புதுசா வந்தவங்க இடறிப் போவாங்கன்னாராம். அதான் நான் விழாம இருக்கேன்னு மட்டும் சொல்றது. அது பொய் இல்லியே அண்ணே. ஆனா இது பொய்யி. ஆண்டவர் பேர்ல அச்சுல வர்ற பொய்யி. எடுத்துடுங்க."

எடுத்திருக்கலாம். மலரோட கையெழுத்துப் பிரதி முழுசும் என் மேசை மேலதான் கிடந்துச்சு, அவ உக்காந்திருந்த நாக்காலிக்குப் பக்கத்துல, ஒரு துணி போட்டு மூடி. அச்சகத்துக்குப் போக இன்னும் அஞ்சு நாள் இருந்துச்சு. ஒரு பேனா, ஒரு கோடு, அவ்வளவுதான் வேலை. ஆனா அந்த வரியை எடுத்தா அந்தப் பக்கம் செத்துப்போகும், பாஸ்டர் ஏன்னு கேப்பாரு, கையைப் பிடிச்ச பெரியவர் என்ன நினைப்பாரு. எல்லாத்துக்கும் மேல, மூணாம் பாரத்தோட படிப்பை நிறுத்தின ஒரு ஃபேக்டரிக்காரி என் தமிழ் மேல ஸ்டிக்கர் ஒட்டுறதான்னு தலைக்கேறிச்சு.

"அச்சாயிடுச்சும்மா"ன்னேன். "ஆயிரம் பிரதி. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

அவ முகம் வெளுத்துப்போச்சு. அந்த அம்பை நகத்தால நெருடினா.

"அப்ப நான் மேடையில நின்னு என்னண்ணே பண்றது? எல்லார் கையிலயும் அந்தப் புத்தகம் இருக்குமே."

அங்கயாவது வாயை மூடியிருக்கணும். நுணலும் தன் வாயால் கெடும்பாங்க, நான் அடுத்தவளைக் கெடுத்தேன். "பிழை என் வரியில இல்ல பிரமிளா, உன் விசுவாசத்துலதான்"ன்னேன். "நாப்பது வருசமா சபை உன்னைத் தூக்கி வச்சிருக்கு. உனக்கு நெசமாவே விசுவாசம் இருந்தா, அந்த வரி உண்மையாயிட்டுப் போவுது. நீ ஏன் அதைத் திருத்தச் சொல்ற, உன்னைத் திருத்திக்கயேன்."

கோவத்துல சொன்னது. அவ தொல்லை விடணும்னு சொன்னது. அவகிட்ட அப்படி யாரும் பேசினதில்ல போல. மெதுவா எழுந்து காகிதத்தை மடிச்சுப் பையில வச்சா. "சரிண்ணே, நீங்க சொல்றது சரிதான்"னுட்டு, என் வீட்டு வாசல்ல செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டுப் போனா. நான் போயி டீ போட்டுக் குடிச்சேன். நல்லா தூங்கவும் செஞ்சேன்.

திங்கட்கிழமை மலரை அச்சகத்துல குடுத்தேன். அன்னைக்கும் அந்த வரி கண்ணுல பட்டுச்சு. படட்டும்னு விட்டுட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. அச்சான மலர் வந்திருந்துச்சு, பிரமிளாவும் ஒண்ணு வாங்கிப் பையில வச்சுக்கிட்டா. பிரமிளா கோப்பையை எடுத்தப்ப கை நடுங்கி டீ சேலை மேல கொட்டிச்சு. உதட்டோரம் ஒரு துடிப்பு. "உடம்பு சரியில்லையாக்கா?"ன்னு யாரோ கேட்டாங்க. "தூக்கம் வரல"ன்னா. என்னைப் பாத்து சிரிச்சா, பரீட்சையில பாஸானதை வாத்தியாருக்குச் சொல்ற பிள்ளை மாதிரி. எனக்கு விளங்கிடுச்சு. விளங்கலன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போவட்டும். அவளைத் தனியா கூப்பிட்டு, ஏ பைத்தியக்காரி, மாத்திரையை எடு, நான் சொன்னது பொய்னு சொல்ல ரெண்டு நிமிசம் போதும். நாக்காலி எத்தனை போடணும்னு எண்ணப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை விழா. கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவுல மண்டபம் எடுத்திருந்தோம், தீவுலேருந்து நாலு பஸ்ஸு. அறுநூறு பேரு. எல்லார் மடியிலயும் மலர், அட்டையில அப்புத்துரை ஒலிபெருக்கியோட சிரிக்கிறாரு. ரூபினிக்கு அன்னைக்கு வேலை, வரல. அவ எப்பவுமே சபைப் பக்கம் தலை வச்சுப் படுக்காத பொண்ணு. பாஸ்டர் நாப்பத்தோராம் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, என் வரியை மைக்குல படிச்சு, பிரமிளாவைக் கூப்பிட்டாரு.

நீலச் சேலை கட்டியிருந்தா. மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா.

"அன்னைக்கு ஆண்டவர் என்னைத் தொட்டார். இன்னைக்கு வரைக்கும் நான் விழாம இருக்கேன்." நிறுத்தினா. எல்லாரும் இறங்கிடுவான்னு நினைச்சாங்க. "இந்தப் புத்தகத்துல எழுதியிருக்கிறது உண்மை. வியாழக்கிழமையிலேருந்து, பதினோரு நாளா, நான் ஒரு மாத்திரையும் தொடல."

கைதட்டு மண்டபத்தை இடிச்சுச்சு. பதினோரு நாளுன்னா என்னன்னு ஒருத்தரும் யோசிக்கல. அவ என்னைத்தான் தேடிப் பாத்தா. முன்வரிசையில உக்காந்திருந்த நான் குனிஞ்சு மலரைப் புரட்டினேன். மைக்கு தரையில விழுந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தேன்.

உடம்பு வில்லா வளைஞ்சு கிடந்துச்சு. கை காலு வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நுரை. முதல்ல சனம் பயந்து பின்னால போச்சு. பாஸ்டர் தங்கராஜு கெட்டவரு இல்ல, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். "சத்துரு நம்ம சாட்சியைக் கலைக்கப் பாக்கிறான், எல்லாரும் எழுந்து கைதட்டிப் பாடுங்க"ன்னாரு. டிரம்ஸ் ஆரம்பிச்சுது. எட்டு பேரு அவ கையையும் காலையும் அமுக்கிப் பிடிச்சு ஜெபிச்சாங்க. வரவேற்புல நின்ன ஒரு பெரியவரு பழைய பழக்கத்துல தன் காரு சாவிக்கொத்தை அவ உள்ளங்கையில திணிச்சாரு. இரும்பு பட்டா வலிப்பு நிக்கும்னு. "அது அஞ்ஞானிகள் வழக்கம்"னு பாஸ்டர் அதைப் பிடுங்கித் தூர எறிஞ்சாரு. அந்தப் பெரியவர் வெக்கப்பட்டுப் போய் மூலையில நின்னுட்டாரு.

வலிப்பு நிக்கும், மறுபடி ஆரம்பிக்கும். நடுவுல அவ கண்ணு திறக்கவே இல்ல. அந்த மண்டபத்துல அறுநூறு பேருல எனக்கு ஒருத்தனுக்குத்தான் விசயம் தெரியும். இது பேயும் இல்ல பிசாசும் இல்ல, பதினோரு நாளு மாத்திரை இல்லாத மூளை. "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, இவ மாத்திரை சாப்பிடுறவ"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொன்னா, உமக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. எப்பத் தெரியும்னு கேப்பாங்க. ஒரு பாட்டை நாலு தரம் திருப்பிப் பாடுற வரைக்கும் நான் கைதட்டிக்கிட்டு நின்னேன். மத்தவங்களை விடச் சத்தமாவே தட்டினேன்.

கடைசியில ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது இமான். மண்டபத்தைப் பாத்துக்கிற மலாய்க்காரரு, கதவோரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தவரு. யாரையும் கேக்கல, போனை எடுத்துப் பேசிட்டு, கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து, அவ காலைப் பிடிச்சவங்க கையை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டு, அவளை ஒருக்களிச்சுப் படுக்கவச்சாரு. வண்டி வந்தப்ப நாப்பது நிமிசம் ஆயிருந்துச்சு. செவ்வாய்க்கிழமை காலையில உயிர் போச்சு.

அடக்கத்துல பாஸ்டர், சகோதரி தன் ஓட்டத்தை மேடையிலயே முடிச்சாங்கன்னு பேசினாரு. இரங்கல் குறிப்பு எழுதச் சொன்னாங்க. எழுதினேன். நல்லா வந்திருக்குன்னு சொன்னாங்க.

போன வாரம் ரூபினி வந்தா. முப்பது வயசுப் பொண்ணு, அம்மா மாதிரியே கண்ணை இடுக்கிப் பாக்குற பழக்கம். சபையில வேற யார் முகத்துலயும் முழிக்க மாட்டேன்னுட்டா, என்னைப் பாக்க மட்டும் வந்தா. ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து மேசை மேல வச்சா. உள்ள மாத்திரை அட்டைங்க, ஒரு அட்டை பாதியில நின்னிருந்துச்சு. அதுக்கு அடியில பிரமிளாவோட மலர்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லுங்க."

நாப்பத்தோராம் பக்கத்தைத் திறந்தா. என் வரிக்குப் பக்கத்துல ஒரு பச்சைப் பொட்டு ஒட்டியிருந்துச்சு.

"இது ஃபேக்டரியில பாஸ் பண்ணிட்டா ஒட்டுறது. விழா அன்னைக்குக் காலையில ஒட்டியிருக்காங்க, ஸ்டிக்கர் அட்டை சாப்பாட்டு மேசையிலயே கிடந்துச்சு. இந்த வரியைத் திருத்தச் சொல்லி அம்மா உங்ககிட்ட வந்தாங்கள்ல?"

"வந்தாங்கம்மா."

"அன்னைக்குத் திருத்த முடிஞ்சிருக்குமா அங்கிள்? அதை மட்டும் சொல்லுங்க."

மேசை மேல நாங்க ரெண்டு பேரும் கை வச்சிருந்தோம். அதே மேசைதான்.

"இல்லம்மா. அப்பவே அச்சாயிடுச்சு."

அவ தலையை ஆட்டினா. கண்ணு கலங்கிச்சு. "அம்மாவும் அதான் சொன்னாங்க. அரசு அண்ணன் அச்சாயிடுச்சுன்னுட்டாரு, அவருக்குக் கோவம் வரும், ஆனா பொய் சொல்ல மாட்டாருன்னாங்க. நான்தான் வீணா உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுடுங்க அங்கிள்."

பரவாயில்லம்மான்னு சொல்லி வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

பிரமிளா மேடையில விழுந்து செத்த கதை பரவி, மலர் எல்லா சபையிலயும் கேக்கிறாங்களாம். ரெண்டாம் பதிப்புப் போடப் போறோம். நேத்து பாஸ்டர் பிழை பாக்கச் சொல்லி முழுசையும் என் மேசையில கொண்டாந்து வச்சாரு, ஒரு வாரம் நேரம் இருக்குன்னாரு. உக்காந்து பொறுமையாப் பாத்தேன். அப்புத்துரை அத்தியாயத்துல ரெண்டு எழுத்துப்பிழை இருந்துச்சு, திருத்தினேன். நாப்பத்தோராம் பக்கத்துல கை வைக்கல. இன்று அந்தச் சகோதரி ஒரு மாத்திரையும் தொடுவதில்லை. அதுல இப்ப தப்பு ஒண்ணும் இல்லை.